வலங்கையா, எடங்கையா?

“இத புடிக்கறவன் வலங்கையா, எடங்கையா?”

மாமா கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் கொண்டுபோன தாளில் சினிமாவுக்கான ஒரு துப்பாக்கி வரைந்திருந்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து ஒன்று, அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில். என்ன நிறம், எத்தனை நாளில் வேண்டும் என்று கேட்பார் என நினைத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இதைக் கேட்டார்.

“பொண்ணு மாமா. வலது கைதான்.”

“சாமான் அவ வாங்குனதா, யாராச்சும் குடுத்ததா?”

“அவங்க அம்மாவோடது.”

“அவங்கம்மா எந்தக் கை?”

எனக்குத் தெரியவில்லை. கதை எழுதிய நண்பருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இடது கைன்னு வச்சுக்கலாமா?” என்றார். மாமா தலையாட்டினார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மரம் பார்க்கப் போய்விட்டார்.

மாமா இருப்பது பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஜமா எனப்படும் கூத்துக் குழுக்களுக்குக் கட்டை செதுக்குவதுதான் அவர் தொழில். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாணமுருங்கை மரத்தில் செய்வார். ராத்திரி முழுக்கத் தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு ஆட வேண்டும் என்பதால் அந்த எடை குறைந்த மரம். அதோடு பீமனுக்குக் கதாயுதம், அர்ச்சுனனுக்கு வில், துரியோதனனுக்குக் கத்தி. தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது அவர் கைபட்ட ஆயுதம் ஏதாவது ஒன்று மேடையில் இருக்கும்.

நான் கேட்டுப்போனது ஒரு குறும்படத்துக்கு. ஓசூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்தது. கதை வேறொரு கோளில் நடக்கிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளை விடியற்காலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேறு கோளுக்குச் செட் போட வேண்டிய அவசியமே இல்லை. ஆயுதம் மட்டும் என் பொறுப்பு. எனக்கு அந்தப் பொறுப்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் விண்வெளிப் படங்களின் ஆயுதங்களைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தால் எளிதில் எழுந்து போக முடியாது.

அது எப்படித் தொற்றியது என்று சொல்கிறேன். சின்ன வயதில் தேர்தல் நேரத்தில் அப்பாவோடு போகும்போது, வாக்குப்பெட்டி வைத்திருந்த கட்டடத்துக்கு வெளியே ஒரு காவலர் நிற்பார். கையில் கட்டையான ஒரு துப்பாக்கி. குழல் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும், பின்கட்டை மடிந்து அடியில் கிடக்கும். அப்பா அதைக் கார்பைன் என்பார். பல வருடம் கழித்து முதல் ஸ்டார் வார்ஸ் படத்தைப் பார்த்தபோது வெள்ளைக் கவசம் போட்ட படைவீரன் ஒருவன் அதே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது நம்ம போலீஸ்காரர் வைத்திருந்தது!

உண்மையில் அதேதான். அந்தப் படைவீரர்களின் இ-11 பிளாஸ்டர் என்ற கற்பனைத் துப்பாக்கிக்கு அடிப்படை, பிரிட்டனின் ஸ்டெர்லிங் சப்மெஷின் கன். அதையே உரிமம் பெற்று கான்பூரில் உள்ள சிறு ஆயுதத் தொழிற்சாலையில் 1ஏ கார்பைன் என்று செய்தார்கள். நம் ராணுவத்திலும் காவல் துறையிலும் நெடுங்காலம் இருந்தது அதுதான். அதே படத்தில் பாலைவனத்தில் பழைய இரும்பு பொறுக்கும் ஜாவா என்ற குள்ள வேற்றுக்கோள்வாசிகள் ஒரு துப்பாக்கி வைத்திருப்பார்கள். அது லீ என்ஃபீல்டு ரைஃபிளை வெட்டிக் குட்டையாக்கியது. லீ என்ஃபீல்டு என்றால் நம் ஊரில் யாருக்கும் தெரியாது. ‘த்ரீ நாட் த்ரீ’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

1976இல் லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது பணம் தாராளமாக இல்லை. மொத்தப் படத்துக்கும் சுமார் 1.1 கோடி டாலர். எதிர்காலத் துப்பாக்கிகளைப் புதிதாக வடிவமைத்து வார்க்க வசதி கிடையாது. செட் அலங்காரப் பொறுப்பில் இருந்த ரோஜர் கிறிஸ்டியன், படங்களுக்கு ஆயுதம் வாடகைக்கு விடும் பாப்டி என்ற நிறுவனத்துக்குப் போனார். நிஜத் துப்பாக்கிகளை எடுத்து, அவற்றின் மேல் வேறு சாமான்களை ஒட்டினார். ஸ்டெர்லிங் குழலின் ஓட்டைகளை டி வடிவ பிளாஸ்டிக் பட்டைகளால் மூடினார். மேலே ஒரு பழைய தொலைநோக்கி, பக்கத்தில் எண்கள் சுழலும் ஒரு கணக்கிடும் கருவி. அவ்வளவுதான். வேறொரு விண்மீன் மண்டலத்தின் துப்பாக்கி தயார். வெற்றுத்தோட்டா போட்டு நிஜமாகவே சுட்டார்கள், அதனால் நடிகரின் தோள் அதிர்வது நிஜம்.

அந்தப் படத்தில் வரும் கடத்தல்காரன் ஹான் சோலோவின் பிளாஸ்டர் இன்னும் அழகு. அடிப்படை 1896ஆம் ஆண்டு ரக மவுசர் சி96 என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி. அதன் மரக் கைப்பிடி உருண்டையாக, அடியில் விரிந்து, துடைப்பத்தின் பிடி மாதிரி இருப்பதால் அதற்குத் துடைப்பப்பிடி என்றே பட்டப்பெயர் உண்டு. முனையில் இருக்கும் கூம்பு எம்ஜி 81 என்ற விமான இயந்திரத் துப்பாக்கியின் வாயிலிருந்து வந்தது. மேலே ஹென்சோல்ட் நிறுவனத் தொலைநோக்கி. மூன்றும் ஜெர்மன் சாமான், மூன்றும் வேறு வேறு வேலைக்குச் செய்தவை. ஆனால் ஹானின் தொடையில் அது தொங்கும்போது, அவன்தான் எங்கோ ஒரு பட்டறையில் உட்கார்ந்து தனக்கென்று இப்படிக் கட்டிக்கொண்டான் என்று நம்பிவிடுகிறோம். 2018இல் வந்த சோலோ படத்தில், பெக்கெட் என்பவன் ஒரு நீளத் துப்பாக்கியைக் கழற்றிக் கைத்துப்பாக்கியாக்கி அவனிடம் தூக்கிப் போடுவதாகக் காட்டினார்கள். நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. கைத்துப்பாக்கிக்கு எதற்கு இவ்வளவு பெரிய தொலைநோக்கி என்ற கேள்வி எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. அது ரைஃபிளின் மிச்சம் என்று ஆனதும் எல்லாம் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

முதல் படத்தின் அந்தத் துப்பாக்கி 2022இல் அமெரிக்காவில் 10,57,500 டாலருக்கு ஏலம் போனது.

இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கேட்டது ஒன்றுதான்: பயன்படுத்தப்பட்ட உலகம். அதற்கு முன்பு விண்வெளிப் படம் என்றாலே எல்லாம் பளபளவென்று, பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி இருக்கும். இவருடைய கப்பல் எண்ணெய் ஒழுகும், ரோபோவின் மேல் அழுக்கு இருக்கும், துப்பாக்கியில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். நிஜச் சாமான்களிலிருந்து தொடங்கியதன் பலன் இங்கேதான். அந்த மவுசரை அதற்கு முன்பு யாரோ பிடித்திருக்கிறார்கள், அந்தத் தேய்மானம் ஏற்கனவே அதில் இருக்கிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்க்காரியான ஔவை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறாள். எங்கிருந்து வந்தவளோ, தகடூரில், அதாவது இன்றைய தர்மபுரியில், அதியமானோடு இருந்தவள் எங்களுக்கு எங்கள் ஊர்க்காரிதான். அதியமானுக்காகத் தூது போனபோது தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைத் திறந்து காட்டுகிறான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. உன் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன என்கிறாள். சண்டை வேண்டாம் என்று சொல்லப் போனவள், ஆயுதத்தின் மேலிருக்கும் சேதத்தை மட்டும் காட்டி அதைச் சொல்லிவிடுகிறாள். அதியமான்கோட்டை வழியாகப் பேருந்தில் போகும்போது சாலையோரப் பட்டறையில் பிளந்த கொழுவும் வளைந்த கடப்பாரையும் குவிந்து கிடப்பதைப் பார்ப்பேன். அவள் சொன்ன கொட்டில் இப்படித்தான் இருந்திருக்கும்.

சரி, சேதம் இருக்கிற ஆயுதத்தைச் செய்தாகிவிட்டது. அந்தச் சேதத்தை அடுத்த காட்சியிலும் அதே இடத்தில் வைத்திருப்பது எப்படி? இதற்குத்தான் சினிமாவில் கன்டினியூட்டி பார்க்க ஒருவர் இருக்கிறார். முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் அந்த வேலையைச் செய்தவர் ஆன் ஸ்கின்னர். எந்தக் கையில் ஆயுதம், எந்தப் பக்கம் பார்த்து, எந்தக் கீறல் வெளியே தெரிய நின்றார் என்பதையெல்லாம் குறித்துவைக்கிற வேலை. ஒரு படத்துக்குள் இது கஷ்டம். நாற்பது வருடம் ஓடுகிற படவரிசையில் இதை எப்படிச் செய்வது?

கதாநாயகன் லூக்கின் ஒளிவாளை எடுத்துக்கொள்வோம். ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு புகைப்படச் சாமான் கடையில் தூசி படிந்த பெட்டி ஒன்றைத் திறந்தபோது கிடைத்தது அது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கேமராவோடு வைத்திருந்த கிராஃபிளெக்ஸ் ஃபிளாஷின் கைப்பிடி. உள்ளே மூன்று பேட்டரி போகும், வெளியே ஒரு சிவப்புப் பொத்தான். அதே டி வடிவப் பட்டைகளை வெட்டிப் பிடிக்காக ஒட்டினார். நடுவில் உள்ள கவ்வியில், ஒரு கால்குலேட்டரின் எண்களைப் பெரிதாகக் காட்டும் குமிழ்க் கண்ணாடிப் பட்டையைச் செருகினார். இடுப்பில் மாட்ட ஒரு வளையம். ஒரு காலத்தில் வெளிச்சம் கொடுத்த கைப்பிடி, இப்போது வெளிச்சத்தாலேயே ஆன வாளுக்குப் பிடி. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். அந்தச் சாமானின் பழைய வேலை புது வேலைக்குள்ளும் இருக்கிறது.

1980இல் இரண்டாவது படம் வந்தபோது அதே வாளின் கவ்வியில் குமிழ்க் கண்ணாடி இல்லை, சர்க்யூட் போர்டின் விளிம்புத் துண்டு ஒன்று இருந்தது. கதைப்படி அதே வாள், அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த அதே வாள். அந்தப் படத்தில் லூக்கின் கையோடு சேர்ந்து அது பள்ளத்தில் விழுகிறது. 1983இல் அவன் புதிதாகச் செய்துகொண்ட வாள் பச்சை நிறத்தில் எரிகிறது. முதலில் அதையும் நீலமாகத்தான் வைத்திருந்தார்கள், ஆனால் பாலைவனச் சண்டையில் நீல வானத்துக்கு எதிரே நீல வாள் தெரியவில்லை. வானம் கொடுத்த நிறம் அது. இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஒளிவாள் ஏந்தும் வீரர்களான ஜெடாய் என்றால் பச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் முன்கதைப் படங்கள் வந்தன. 2005இல் அப்பாவின் இளமைக் கதையை எடுத்தபோது, பிறகு மகனிடம் போகப்போகும் வாள் கிராஃபிளெக்ஸ் மாதிரியே இருக்க வேண்டியிருந்தது. புகைப்படக் கடையில் தற்செயலாகக் கையில் பட்ட ஒரு பொருளை, இருபத்தெட்டு வருடம் கழித்துக் கடைசல் இயந்திரத்தில் அளவெடுத்துத் திரும்பச் செய்கிறார்கள். லூக்கின் குருவான ஓபி-வானின் வாளும் அப்படித்தான். 1977இல் அது ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் ஜெட் என்ஜின் குழாய், முதல் உலகப் போரில் ரைஃபிளிலிருந்து எறிந்த எறிகுண்டின் உடல், குளியலறைக் குழாயின் திருகு, விமானத் துப்பாக்கியின் ஒரு பகுதி எல்லாம் சேர்ந்து உருவானது. முன்கதையில் வருவது அதைப் போலத்தான் இருக்கிறது, அது இல்லை. உலோகம் எல்லாம் ஒரே நாளில் பிறந்த உலோகம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பழையதில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி வயது. அந்த வயது வித்தியாசத்தைத்தான் புதியதில் விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

2015இல் கிராஃபிளெக்ஸ் திரும்பி வந்தது. பள்ளத்தில் விழுந்தது எப்படிக் கிடைத்தது என்று அந்தப் படம் சொல்லவில்லை, அந்தக் கதை இன்னொரு நாளைக்கு என்று தள்ளிவைத்துவிட்டது. 2017இல் அது இரண்டாக உடைந்தது, 2019இல் ஒட்டி வந்தது. குமிழ்க் கண்ணாடி போய் சர்க்யூட் துண்டு வந்து, தொலைந்து, கிடைத்து, உடைந்து, ஒட்டி, அப்புறமும் அது அதே வாள்தான் என்று நாம் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம். எதை வைத்து?

இந்தக் கேள்வியை மாமாவிடம் கேட்டேன். துப்பாக்கிக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைச் சாமான் பெட்டிக்குக் கூட்டிப்போய் ஒரு கதாயுதத்தை எடுத்துக் காட்டினார். ஒரு ஜமாவுக்காக அவர் அப்பா செய்தது. ஒரு வருடம் படுகளத்தன்று விடியற்காலையில், மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனின் தொடையை அடிக்கப்போகும் நேரத்துக்குச் சற்று முன், அதன் தலை பிளந்துவிட்டது. துணியால் கட்டி அன்றைய கூத்தை முடித்தார்கள். மறுவாரம் மாமா புதுத் தலை செதுக்கிப் பொருத்தினார். தண்டு மட்டும் பழையது.

“தண்டையும் மாத்திக் குடுக்கறேன்னேன். பீமன் கட்டறவரு வேணாம்னுட்டாரு. ‘என் கை அதுலதான் இருக்கு’ன்னாரு.”

ஒவ்வொரு வருடமும் தலைக்குத் தங்க நிறமும் சிவப்பும் புதிதாக அடிக்கிறார். தண்டில் கைபிடிக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் படுவதே இல்லை. அந்த இடம் எண்ணெயும் வேர்வையும் ஏறிக் கருத்து, புளியங்கொட்டை மாதிரி மினுங்குகிறது.

கூத்தில் ஆயுதத்துக்கு நம்மூர் வழியில் ஒரு தொடர்ச்சி உண்டு. இன்றைக்கு அர்ச்சுனனின் காண்டீபமாக இருக்கும் வில் நாளைக்குக் கர்ணன் கைக்குப் போகும். யாரும் கேட்க மாட்டார்கள். திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் திரை விருத்தம் பாடி, நான் இன்னார் என்று சொன்ன பிறகு அந்த வில் அவருடைய வில்லாகிவிடுகிறது. பாட்டு அதைத் தாங்கிக்கொள்கிறது. சினிமாவில் அந்தப் பாட்டு இல்லை, கேமரா முழங்கை தூரத்தில் வந்து நிற்கிறது, அதனால் பொருளே தாங்க வேண்டியிருக்கிறது. ஓரளவுக்குச் சத்தமும் தாங்குகிறது என்று சொல்ல வேண்டும். பென் பர்ட் என்ற ஒலிக் கலைஞர், வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பிளாஸ்டர் சத்தத்தைப் பிடித்தார். ஒளிவாளின் ரீங்காரம் பழைய புரொஜெக்டர் மோட்டாரும் டிவிப் பெட்டியின் இரைச்சலும் கலந்தது. வாளின் பாகங்கள் மாறினாலும் அந்த ரீங்காரம் கேட்டவுடன் அதே வாள்தான் என்று மனசு சொல்லிவிடுகிறது, கால்சலங்கைச் சத்தத்திலேயே வருவது பீமன் என்று தெரிகிற மாதிரி.

எங்கள் துப்பாக்கிக்கும் ஒரு நிஜச் சாமானிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மாமா வீட்டுப் பரணில் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று கிடந்தது. கரண்ட் விளக்கு வருவதற்கு முன் அந்த வெளிச்சத்தில்தான் விடிய விடியக் கூத்து நடந்தது. அதன் காற்றடிக்கும் பம்பைக் குழலாக்கினோம். மேல்மூடியின் ஒரு வளையம் முனைக்குப் போனது. உடல் கல்யாணமுருங்கை. கைப்பிடிக்கு மட்டும் வேப்பங்கட்டை, கையில் கனம் தெரிய வேண்டும் என்பதற்காக. கறுப்புப் பெயின்ட் காய்ந்த பிறகு பென்சில் தூளை விரலால் தேய்த்தேன், மரம் இரும்பு மாதிரி ஆகிவிட்டது. மாமா கைப்பிடியின் இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்தார். இடது கைக்காரியான அம்மாவுக்கு ஆழமாக, பல வருடத் தேய்மானம். வலது கைக்காரியான மகளுக்கு லேசாக, போன வருடம் தொடங்கிய மாதிரி. அப்புறம் கரியும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசி ஒரு நாள் வெயிலில் வைத்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பிடிப்பு. முதல் ஞாயிறு, பாறையில் ஏறும்போது அந்தப் பெண் கையிலிருந்து துப்பாக்கி நழுவி, குழலின் இடப்பக்கம் சாய்வாக ஒரு நீளக் கீறல் விழுந்தது. கீறலோடேயே மீதிக் காட்சிகளை எடுத்தார்கள். அன்று இரவு வீட்டுக்குக் கொண்டுவந்து அதைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. மாமாவின் வேலையைப் பாழாக்கிவிட்டோமே என்று கறுப்புப் பெயின்ட் அடித்து, பென்சில் தூள் தேய்த்து, புதிது மாதிரி ஆக்கிவிட்டேன்.

இரண்டாம் ஞாயிறு மாலை எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் பாறை மேல் ஏறும்வரை கீறல் இருக்கிறது. உச்சியில் நின்று திரும்பிப் பார்க்கும் நொடியில் இல்லை. நாலு நண்பர்களின் ஒரு நாள் உழைப்பு. யாரும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருடம் கிராஃபிளெக்ஸைப் பற்றிப் பேசியவன், தொண்டைமான் மாதிரி ஆயுதத்துக்கு நெய் பூசி வைத்திருக்கிறேன்.

மறுநாள் பேருந்தில் கோணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். போட்டோவைக் காட்டினேன். உளியால் அதே இடத்தில் கீறிவிடலாம் என்றேன். மாமா வேண்டாம் என்றார். உளி போட்டால் ஒரே ஆழத்தில் நேராக வரும், விழுந்த கீறல் அப்படி இருக்காது என்றார். போட்டோவை ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தார். எந்த உயரத்திலிருந்து விழுந்தது, பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, விழுந்தது நின்றதா உருண்டதா என்று கேட்டார். பிறகு வாசலில் கிடந்த கருங்கல் துண்டு ஒன்றை எடுத்து, திண்ணையில் சாய்த்துவைத்து, துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்.

“நீயே உடு.”

மூன்று தடவை விட்டேன். மூன்றாவது தடவை கீறல் சரியான இடத்தில், சரியான சாய்வில் விழுந்தது. முதல் இரண்டு தடவையில் பட்ட சின்ன வெட்டுகளை மாமா கரி வைத்து மூடினார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். “அது அவங்கம்மா காலத்துல பட்டது” என்றார்.

மூன்றாம் ஞாயிறு உச்சிக் காட்சியைத் திரும்ப எடுத்தோம். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு மாமா சொன்ன எதையும் நான் சொல்லியிருக்கவில்லை. பாறை விளிம்பில் பிடிப்புக்காக வலது கையை ஊன்றியவள், துப்பாக்கியை இடது கைக்கு மாற்றினாள். அவள் கட்டைவிரல் கைப்பிடியின் ஆழமான தேய்மானத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு நொடி குனிந்து அதைப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் இருந்த நண்பர் கட் சொல்லவில்லை.